சந்தை ஆறு தாண்டிய வருஷம்

கண்ணு ஜமால்,

ஸலாம். உனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைப் படித்துக் காட்டியதும் உன் அத்தா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லையாம், சும்மா நடந்தாராம். நான் அதற்கு நேர்மாறு. அடுப்பில் உலை கொதிப்பதை மறந்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சோறு குழைந்து களியாகிவிட்டது. அதைத்தான் இருவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். பெண்ணின் தகப்பனார் உத்தமபாளையத்துக்காரர் என்றும், ஏலப்பாறையில் கடை வைத்து வெகுகாலம் ஆகியும் யாரைப் பார்த்தாலும் முதலில் ஊரைத்தான் விசாரிப்பார் என்றும், உன்னிடம் "ஒங்க ஊரு மலையாளமா, தமிழா?" என்று கேட்டபோது உனக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். அடுத்தது, ஊர்தான் முடிந்துவிட்டதே, வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் நிரந்தரமாக ஏலப்பாறை மலைக்கே என்னிடம் வந்துவிடுங்கள் என்று. இதற்குப் பதில் எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். நான்கு வரி எழுதுவேன், பிறகு ஆற்றங்கரை வரை போய்த் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவேன். தண்ணீரைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கால் இழுக்கிறது, போகிறேன். இந்தக் கால் உனக்கும் இருக்கிறது என்பது நீ மலைக்குப் போன அன்றே தெரிந்தது. நம் வீட்டில் என்ன நடந்தாலும் அத்தா குற்றம் சொல்வது இந்தக் காலைத்தான்.

நீ போன பிறகுதான் எல்லாம் நடந்தது. லீவில் வந்தபோது துண்டு துண்டாகக் கேள்விப்பட்டிருப்பாய். டீக்கடையில் யாராவது உன் காதுபடவே "உங்கம்மாதானப்பா சந்தையக் கலைச்சது" என்று சொல்லியிருப்பார்கள். நீ என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தாயா, பயந்து இருந்தாயா என்று எனக்குத் தெரியாது. இப்போது ஒரு பெண் இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறாள். அவள் வேறு வாயிலிருந்து கேட்பதற்குமுன் நீ என் வாயிலிருந்து கேட்டுக்கொள்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். கல்லந்துறை என்று ஒரு ஊரை உண்டாக்க வேண்டும் என்று யாரும் நினைத்து உண்டாக்கவில்லை. உன் அத்தாவின் பாட்டனாருக்குத் தகப்பனார் பொன்னானிக் கடற்கரையிலிருந்து கருவாடும் உப்பும் பொதிமாட்டில் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போகிறவர். ஒரு முறை இந்த ஆற்றில் வெள்ளம் வந்து மாடுகள் இறங்க மறுத்துவிட்டன. எதிர்க்கரையில் மிளகாயும் கம்பும் ஏற்றிய வண்டிகள் மேற்கே வர முடியாமல் அதேபோல நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் வடிந்ததும் கிழக்கத்திக்காரர்கள் இக்கரைக்கு ஏறி வந்தார்கள். இத்தனை நாள் காத்திருந்தாயிற்று, இனி எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அங்கேயே சரக்கை மாற்றிக்கொண்டார்களாம். அடுத்த தடவை வெள்ளம் இல்லாமலேயே அதே இடத்தில் நின்றார்கள். அப்படித்தான் வியாழக்கிழமைச் சந்தை உண்டானது. சந்தைக்குப் பிறகு பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் வந்தன, அப்புறம் ஓட்டுவீடுகள், தபாலாபீஸ், பள்ளிக்கூடம். கடல் பக்கத்துத் தேங்காயும் பாக்கும் கருவாடும் மேற்கேயிருந்து வரும். மாடும் மிளகாயும் நிலக்கடலையும் சீலையும் கிழக்கேயிருந்து வரும். நான் புதுநகரத்திலிருந்து இங்கே வாழ வந்த புதிதில் ஒரு வியாழக்கிழமை மாடியிலிருந்து பார்த்தேன், ஆற்று மணல் தெரியவில்லை, மாட்டுக் கொம்புகள்தான் தெரிந்தன. இப்படிப்பட்ட இடத்தில் என்னைக் கட்டிக்கொடுத்ததற்கு என் அத்தாவுக்கு மனசுக்குள் துஆ செய்தேன். புதுநகரத்தில் எங்கள் தெருவில் மத்தியானம் ஆனால் காக்கை கூடக் கத்தாது.

உன் அத்தா அந்தச் சந்தைக்கு இடம் போடுகிறவர். அவர் தகப்பனாருக்குப் பிறகு அவர். விடியக்காலம் ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டு போய் மண்ணில் கோடு போடுவார். எண்ணெய்க்காரர் இங்கே, சீலைக்காரர் இங்கே, சட்டி பானை இங்கே, மாடு மருத மரத்துக்கு அந்தப்பக்கம். யார் எங்கே உட்காருவது என்று எந்தத் தாளிலும் எழுதியதில்லை, எல்லாம் அவர் மனதில் இருந்தது. "ராவுத்தர் கோடு" என்றால் அதற்குமேல் பேச்சில்லை. கவுண்டரானாலும் சரி, செட்டியாரானாலும் சரி, நாயர் வீட்டுக் காரியஸ்தரானாலும் சரி, கோட்டுக்கு உள்ளே காலை மடக்கிக்கொண்டுதான் உட்காருவார்கள். வீட்டில் வாய் திறக்காத மனுஷன் அங்கே நின்றால் அவர் முதுகே நிமிர்ந்துவிடும். நீ கருவாட்டு வாடை பிடிக்கவில்லை என்று மலைக்குக் கிளம்பிய அன்று அவர் கோபப்பட்டது நீ போனதற்காக அல்ல, கண்ணு. அந்த டப்பாவை உன் கையில் கொடுக்கப்போகும் நாளை அவர் எப்போதோ மனதில் பார்த்து வைத்திருந்தார்.

நம் கருவாட்டுக் கடையில் நான் உட்கார்ந்தது அவருக்கு மஞ்சள்காமாலை வந்த வருஷம். நம்ம வீட்டுப் பெண்கள் சந்தையில் உட்காருவது வழக்கமில்லை. வந்து இறங்கிய சரக்கு மக்கிவிடுமே என்று முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் தேறி வந்த பிறகு, இனி நீ வீட்டில் இரு என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வரிசையில் மிளகாய் விற்ற பழனியம்மாள் எனக்குப் பழக்கமானது அப்போதுதான். அக்கரையிலிருந்து சொந்த வண்டி ஓட்டிக்கொண்டு வருகிற விதவை. தராசைப் பார்க்காமலே எடை சொல்வாள். நான் அவளிடம் வியாபாரம் படித்தேன். நீ என்னிடம் என்ன படித்தாய் என்று நான் கேட்டதற்கு, முக்காடு போட்டுக்கொண்டே சண்டை போடப் படித்தேன் என்றாள்.

பிறகு மாநிலம் பிரிந்தது. அதுவரைக்கும் இக்கரையும் அக்கரையும் ஒரே மெட்ராஸ் சர்க்கார்தான். ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை விடிந்தபோது நாங்கள் கேரளம், அவர்கள் மெட்ராஸ். அன்றைக்கு யாருக்கும் வருத்தமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பழனியம்மாள் ஆற்றின் நடுவில் நின்று ஒரு காலை இந்தப்பக்கமும் ஒரு காலை அந்தப்பக்கமும் வைத்து, "நான் இப்ப எந்தூருங்க அக்கா?" என்று சிரித்தாள். கொஞ்ச நாளில் ஆற்றுத்துறையில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டு, பாதைக்குக் குறுக்கே மூங்கில் கட்டினார்கள். அதுதான் எங்கள் செக்போஸ்ட். அங்கே வந்த சேவகர் ஒரு திருச்சூர்க்காரர், நல்ல மனுஷன், என் கடையில்தான் நெத்திலி வாங்குவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நெல்லுக்குச் சீட்டு வேண்டும் என்றார்கள். மாட்டுக்கு வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் வேண்டாம் என்றார்கள், அடுத்த மாதம் மறுபடி வேண்டும் என்றார்கள். வண்டிக்காரர்கள் மூங்கிலுக்கு அந்தப்பக்கம் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள். சந்தை கூடுகிற நேரத்துக்கு அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள், கலைகிற நேரத்துக்கு உள்ளே வருவார்கள். எனக்கு இருப்புக் கொள்ளாது. கடையை விட்டு எழுந்து மூங்கில் வரைக்கும் போய்ப் பார்ப்பேன், வருவேன், மறுபடி போவேன்.

உன் அத்தா அந்த மாதங்களில் அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியாது. பாலக்காட்டுக்கும் கொல்லங்கோட்டுக்கும் ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு போவார். தாசில்தாரைப் பார்த்தோம், நல்லபடியாகப் பேசினார், சந்தை நாளுக்கு மட்டும் தடை எடுத்துவிடுவதாகச் சொன்னார் என்று முகம் மலர வருவார். அடுத்து வந்த அதிகாரி அது தனக்குத் தெரியாது என்பார். அத்தா மறுபடி பஸ் ஏறுவார். அவருக்குச் சலிப்பே வரவில்லை. நியாயமான விஷயம், எப்படியும் நடக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அங்கே போயிருக்கும்போது நான் இங்கே சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் கோடுகளுக்குள் மண் மட்டும் இருந்த இடங்கள் கூடிக்கொண்டே போயின.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை பழனியம்மாளின் மிளகாய் வண்டி மூங்கிலில் நின்றது. மிளகாய்க்கும் சீட்டு கேட்டார்கள், அதில் கையெழுத்துப் போடச் சேவகருடைய மேலதிகாரி வர வேண்டும், அவர் வர நேரமாகியது. அத்தா அன்று பாலக்காட்டில். நான் போய்ச் சொல்லிப் பார்த்தேன். சேவகர் தன்னால் முடியாது என்று கையை விரித்தார், பாவம், அவர் கண்ணே கலங்கியிருந்தது. மத்தியானத்துக்குமேல் திடீரென்று கோடைமழை பிடித்துக்கொண்டது. வண்டியை மூட ஒரு சாக்கும் இல்லை. நானும் அவளும் சீலைத் தலைப்பை விரித்து மூடினோம். மழை நின்றபோது மூட்டைகளிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வடிந்து எங்கள் காலடியில் ஓடியது. ஒரு வருஷத்து விளைச்சல். அவள் அழவில்லை. வண்டியைத் திருப்பி ஆற்றில் இறக்கினாள். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி நான் இக்கரைக்கு வரமாட்டனுங்க அக்கா. அக்கரையில புங்க மரத்தடியில உக்காந்துக்கறேன். வேணும்கறவங்க அங்க வரட்டும். நீங்களும்தான்."

அவள் சொன்னபடியே செய்தாள். அடுத்த வியாழன் அவளோடு சில கடலை வண்டிகள் அங்கே நின்றன, அதற்கடுத்த வாரம் மாட்டுக்காரர்கள். ஆற்றின் இந்தப்பக்கம் தேங்காயை வைத்துக்கொண்டு நாங்கள், அந்தப்பக்கம் மிளகாயை வைத்துக்கொண்டு அவர்கள். நடுவில் முழங்கால் தண்ணீர். கூவினால் கேட்கும். கருவாட்டுக்குத் தடையில்லை, தலைச்சுமையாகக் கொண்டுபோனால் சேவகர் ஏனென்று கேட்க மாட்டார். வைகாசி பிறந்ததும் நான் அத்தாவிடம் சொன்னேன், வர்ற வியாழன் சரக்கை அக்கரைக்குக் கொண்டுபோகிறேன் என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எடம் போடறவன் பொண்டாட்டியே மொதல்ல போனா, இந்த ஊர்ச் சந்தை அன்னிக்கே முடிஞ்சுதுன்னு அர்த்தம். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. போகாம உக்காந்திருந்தாலும் அது முடியத்தானுங்க போகுது. சரக்கு மக்கறதுதான் மிச்சம்."

"மனுப் போட்டிருக்கறேன். ஆடிக்குள்ள பதில் வந்துரும்."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார். "போறதுன்னா போ. நான் தடுக்கமாட்டேன். ஆனா எங்கிட்டக் கேட்டுட்டுப் போனேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன், கண்ணு. ஊரிலுள்ள ஆண்கள் எல்லாரும் அவரைப் பார்த்து, பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று பேசினார்கள். அடக்கியிருந்தால் நான் அடங்கியிருப்பேனோ என்னவோ, அது எனக்கே தெரியாது. அவர் அடக்கவில்லை. அதே சமயம் என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக என் பின்னால் வரவும் இல்லை. தான் நம்பியதை அவர் நம்பினார், என்னை என் கண் பார்த்த வழியில் போக விட்டார். நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணும் ஒரு நாள் உனக்குப் புரியாத ஒன்றைச் செய்யக் கிளம்புவாள். அன்றைக்கு உனக்குக் கோபம் வரட்டும், தப்பில்லை. வாசலை மட்டும் அடைக்காதே.

நான் போனேன். தலையில் கூடை, முக்காடு, இடுப்பில் சொருகிய சீலை. ஆற்றில் இறங்கும்போது பின்னால் கரையில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் காறித் துப்பிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அன்று கொண்டுபோன கருவாடு மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் தேங்காய்க்காரர் ஒருவர் என் பின்னால் வந்தார். பிறகு வெற்றிலைக்காரர், பிறகு கொல்லர். என்னைப் பார்த்துத் துப்பியவரும் ஆனி முடிவதற்குள் பாக்கு மூட்டையோடு வந்து என் பக்கத்திலேயே சாக்கை விரித்தார். நான் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். நான் முதலில் போனவள்தான். அதை மறுக்கமாட்டேன். நான் போகாவிட்டால் சந்தை இக்கரையில் நின்றிருக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆடியில் வெள்ளம் வந்தது. வானம் எங்களுக்கு வெயிலாகத்தான் இருந்தது, மழையெல்லாம் மலையில். நான் அக்கரையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தபோது தண்ணீர் நிறம் மாறியது. எழுந்திருப்பதற்குள் இடுப்பளவு, கூடையைக் கட்டுவதற்குள் ஆளளவு. வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. பழனியம்மாள் தன் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கொல்லையில் எனக்கென்று தனி அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். கருவாடு வறுத்த வாடைக்கு அவள் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டுக்கொட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டது, ஒரு வாரத்துக்குப் பிறகு மெதுவாக வந்து ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றது, அதெல்லாம் நேரில் வரும்போது சொல்கிறேன்.

வெள்ளம் வடியவே இல்லை. நான் தினமும் சாயங்காலம் கரைக்கு வருவேன். எதிர்க்கரையில் உன் அத்தா குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கையைக் காட்டுவேன், அவரும் காட்டுவார். இருட்டும் முன் இருவரும் திரும்பிவிடுவோம். வியாழக்கிழமை காலையில் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அங்கே ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. அவர் மட்டும் குனிந்து குனிந்து டப்பாவைத் தட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க்கு, சீலைக்கு, சட்டி பானைக்கு. முழுச் சந்தைக்கும் போட்டார். போட்டு முடித்து மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் நின்ற கரையிலிருந்து பார்க்க அந்த வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. நான் அன்றைக்கு வியாபாரம் செய்யவில்லை. சரக்கை மூடி வைத்துவிட்டுக் கரையிலேயே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். நீந்தத் தெரிந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

அதற்கடுத்த வியாழன் தண்ணீர் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. எருமைகளை நீந்தவிட்டு ஆட்கள் கடக்க ஆரம்பித்திருந்தார்கள். அன்றைக்கு அக்கரைச் சந்தையில் புங்க மரத்து நிழலுக்கு இரண்டு மாட்டு வியாபாரிகளுக்குள் சண்டை. ஒருவர் நம்ம பக்கத்தவர், ஒருவர் ஆனைமலைப் பக்கத்தவர். இரண்டு பேரும் இருபது வருஷமாக நம் சந்தையில் அக்கம்பக்கத்தில் மாடு கட்டியவர்கள், ஒரே தமிழ் பேசுகிறவர்கள். பேச்சு முற்றி ஒருவர் முளைக்குச்சியைப் பிடுங்கி மற்றவர் மண்டையில் அடித்துவிட்டார். ரத்தத்தைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "மலையாளத்தானுக்கு இங்க என்னடா எடம்" என்று ஒரு குரல் கேட்டது. அதுவரைக்கும் நம்மை அப்படி ஒருவரும் கூப்பிட்டதில்லை, கண்ணு. வண்டிக் கடையாணியைக் கழற்றிக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பழனியம்மாள்தான் கூட்டத்தை விட்டு ஓடி, தண்ணீர் ஓரத்தில் நின்று துண்டை வீசிக் கத்தினாள்.

"ராவுத்தரே, வாங்க. இங்க எடம் போட ஆளில்ல."

அவர் மருத மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டார். ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு எருமையின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு அவரும் இறங்கினார். உனக்குத் தெரியும், அவருக்கும் நீச்சல் வராது. நடு ஆற்றில் எருமை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தலைக்கட்டு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. நான் அல்லாவைக் கூப்பிட்டேனா, வாயே திறக்கவில்லையா என்று நினைவில்லை. எருமை நிமிர்ந்தபோது அவர் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கூட்டத்துக்குள் போனார். கடையாணி வைத்திருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

அடிபட்டவரை உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு அடித்தவரைப் பார்த்து, "அங்க நீ மாடு கட்டுனது எங்க?" என்று கேட்டார். மருத மரத்துக்குத் தெற்கே என்றார் அவர். "இவரு?" வடக்கே. "அப்பறம் என்ன? இதுதான் மருத மரம்னு வெச்சுக்க" என்று புங்க மரத்தைக் காட்டினார். அவ்வளவுதான். சுண்ணாம்புக்கு வெற்றிலைக்காரரிடம் போனார். பழைய சந்தையில் யார் எங்கே உட்கார்ந்தார்களோ, அதே வரிசையை அதே அளவில் இந்த மண்ணில் போட ஆரம்பித்தார். அவரவர் தங்கள் பழைய இடத்தை அடையாளம் கண்டுகொண்டு ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தார். முதலில் வந்தவள் என்பதால் பாதையோரத்தில் நல்ல இடமாகப் பிடித்து வைத்திருந்தேன். அவர் ஈர வேட்டியோடு நின்று பார்த்தார்.

"எந்திரி."

"ஏனுங்க?"

"இது சீலைக்காரங்க எடம். கருவாடு காத்துக்குக் கீழ, கடைசியில."

இத்தனை நாள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் நின்று கையைக் காட்டிய மனுஷன் கரையேறி வந்து எனக்குச் சொன்ன முதல் பேச்சு இது. எனக்கு வந்த கோபத்தில் கூடையை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. பழனியம்மாள் வாயில் சீலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து சரக்கை எடுத்துக்கொண்டு கடைசிக்குப் போனேன். அவர் என் பின்னால் வந்து ஒரு கூடையை இறக்கி வைத்துவிட்டு, எனக்கென்று ஒரு கோடு போட்டார். மற்றவர்களுக்குப் போட்டதைவிட அது கொஞ்சம் தாராளமாக இருந்தது.

அன்று சாயங்காலம் என்னையும் எருமையைப் பிடித்துக்கொள்ளவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஊரில் சிலர் அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் போட்ட மனுவுக்குப் பதில் வரவே இல்லை. அதற்குப் பிறகு வியாழன்தோறும் இருவரும் சேர்ந்தே ஆற்றில் இறங்கினோம், சேர்ந்தே திரும்பினோம். சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்காதே. அந்த ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டேதான் போனோம். நீ போனதால்தான் ஊர் போச்சு என்பார் அவர். நீங்கள் வந்ததால்தான் சந்தை நிலைத்தது என்பேன் நான். வெளியே வந்துவிட்ட சண்டை ஆளைக் கொல்வதில்லை. உனக்கும் பெண்ணுக்கும் அப்படி ஒரு சண்டை வாய்க்கட்டும் என்றுதான் துஆ செய்கிறேன், நீ சிரிக்காதே.

ஊர் நீ பார்த்தபடிதான். மாடிவீட்டுக்காரர்கள் கோயமுத்தூருக்குப் போய்விட்டார்கள். எண்ணெய்ச் செக்கு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு இரண்டு வரிசை சேருவதே பெரிது. அக்கரைச் சந்தையும் இப்போது இளைத்துவிட்டது. கோவிந்தாபுரம் ரோட்டில் லாரிகள் நிற்கின்றன, சரக்கு அங்கேயே கைமாறிவிடுகிறது. போன மாதம் நான் பஸ் ஏறிப்போய் அந்த ரோட்டோரத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தாவிடம் சொல்லவில்லை. அவர் என் செருப்பில் ஒட்டியிருந்த தாரைப் பார்த்துவிட்டு, எங்கே போனாய் என்று கேட்காமல் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து வைத்தார்.

சம்பந்தியிடம் கூசாமல் சொல், கேரளம் என்று. ரேஷன் கார்டு அப்படித்தான் சொல்கிறது. தமிழா என்றால் நீ வாயைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடியது, உன்னைப் பெற்றவர்கள் அதில் எருமையைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள் என்பதையும் சொல். வியாபாரி அவர், புரிந்துகொள்வார். பெண்ணிடம் என் ஸலாமைச் சொல். அவளுக்கு நெத்திலி பிடிக்குமா என்று கேட்டு எழுது. உனக்குப் பிடிக்காது என்பதற்காக அவள் விட்டுவிட வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே வந்துவிடுகிறோம். கொல்லங்கோட்டில் ரயில் ஏறி, அப்புறம் பஸ் மாறி மாறி கம்பம் வழியாக வந்து சேர்வோம். அத்தாவுக்கு மலை ஏற்றத்தில் தலை சுற்றும் என்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கேயே தங்கிவிடுங்கள் என்று நீ எழுதியதற்கு என்னால் இப்போது பதில் சொல்ல முடியவில்லை. உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு மஞ்சுமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது, அது உனக்கும் தெரியும். அந்த வரியை அத்தாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவர் கேட்காதது போல இருந்தார். நேற்று வெயில் சாய்ந்த நேரம் ஆற்றிலிருந்து ஏறி வரும்போது, முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"ஏ புள்ள, அந்த ஏலப்பாறையில சந்தை என்னிக்குக் கூடுது?"

எனக்குத் தெரியவில்லை. மறுதபாலில் எழுது.

உன் அம்மா